வளர்ச்சியின் இலக்கணம்

இராசிபுரத்தை அடுத்துள்ள வெண்ணந்தூர், நெசவுத் தொழில் மிக்க பேரூராகும். மார்கழி வைகறையில் அவ்வூர்த் தெருவிற் செல்வோர், வாயில்தோறும் பெண்டிர் புள்ளி வைத்துக் கோலமிடுதலைக் காண்பர். சிறுமி ஒருத்தி சிறு கோலம் இடுகிறாள்; அவள் பாட்டியோ அதனையே வாயில் நிறையும் பெருங்கோலமாக வளர்க்கிறாள். புள்ளிகள் பெருகினும் வளைவின் முறை மாறுவதில்லை. அருகில் நிற்கும் வேம்பும் அத்தகையதே. கிளையினின்று கிளை பிரிகிறது. பிரிந்த ஒவ்வொன்றும் தாய்க்கிளையை ஒத்திருக்கிறது. இவ்விரண்டிற்கும் பொதுவான இலக்கணம் உண்டோ?

உண்டு என்பர் அறிஞர். ஹங்கேரியிற் பிறந்த உயிரியல் அறிஞர் அரிஸ்டிட் லிண்டன்மேயர், 1968 இல் செடி வளரும் முறையைச் சில விதிகளால் விளக்கினார். இழைபோல் நீளும் பாசி ஒன்றை எண்ணுங்கள். அதன் உயிரணுக்கள் முதிர்ந்தவை, இளையவை என இருவகைப்படும். ஒவ்வொரு படியிலும், முதிர்ந்தது முதிர்ந்த ஒன்றும் இளைய ஒன்றுமாகப் பிரியும், இளையது முதிர்ந்ததாகும். விதிகள் இவ்விரண்டே.

முதிர்ந்ததை 'மு' என்றும் இளையதை 'இ' என்றும் குறித்து, நீங்களே எழுதிப் பாருங்கள். முதற்கண் 'மு', அடுத்து 'முஇ', பின்னர் 'முஇமு', அதன்பின் 'முஇமுமுஇ'. உயிரணுக்களின் தொகை 1, 2, 3, 5, 8, 13 எனப் பெருகும். மூன்று முதலாக ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டன் கூட்டுத்தொகையாதல் காண்க. உடலின் எல்லாப் பகுதியும் ஒருங்கே வளர்வது போல, இவ்விதிகளும் ஒரே வேளையில் எல்லா இடத்தும் செயற்படும். இதுவே இம்முறையின் சிறப்பு. இம்முறையைக் கையாண்டு கணிப்பொறி இன்று மரஞ்செடிகளைத் திரையில் வளர்த்துக் காட்டுகிறது.

கோலத்திற்கும் இத்தகைய விதிகள் காணப்பட்டன. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பணியாற்றிய கிஃப்ட் சிரோன்மணியும் இராணி சிரோன்மணியும், கமலா கிரித்திவாசனுடன் சேர்ந்து, 1974 இல் கோலங்களின் இலக்கணத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். 1989 இல் லிண்டன்மேயரின் முறையாலேயே கணிப்பொறியில் கோலங்கள் வரையப்பட்டன. செடிக்கு வகுத்த இலக்கணம் கோலத்திற்கும் பொருந்திற்று.

பள்ளி காணாத பாட்டியர் பலர், இவ்விதிகளை ஏட்டில் எழுதாது விரல்நுனியிற் காத்து, மகளிர்க்கும் பெயர்த்தியர்க்கும் அளித்தனர். அவர்தம் கைத்திறனும் அறிவே என்பதை அறிவியல் இன்று உணர்த்துகிறது. இலக்கணம் வறண்டது என எண்ணும் மாணவரே, நாளை வைகறையில் உங்கள் வாயிலைச் சற்று நின்று நோக்குங்கள்.