வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைந்தால் காத்திருக்க வேண்டாம்

"மாதம் நிறைந்தால் பிள்ளை அடங்கிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அது சரியல்ல. பிரசவம் வரை குழந்தை அசைய வேண்டும். அசைவு குறைவது, நஞ்சுக்கொடி வழியாகப் போதிய பிராணவாயு கிடைக்காததன் அடையாளமாக இருக்கலாம்.

28 வாரங்களுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிடும். அதைத் தாய்தான் அறிவார். சந்தேகம் வந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு இல்லையென்றாலோ, வழக்கம் மாறியதாக மனம் சொன்னாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அசைவே இல்லையென்றால் எண்ணிக்கொண்டிராமல் புறப்படுங்கள்.

நோன்புக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். விடியட்டும், வெளிநாட்டிலுள்ள கணவரைக் கேட்போம் என்று தாமதிக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸ் நள்ளிரவிலும் வரும். செலவைப் பற்றி டிரஸ்ட்டில் பிறகு பேசிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.