அலுமினியத்தை அரிக்கும் துளி

வெண்கலம் வார்க்க உலை மூட்ட வேண்டும். செம்பும் வெள்ளீயமும் உருகினால்தான் கலக்கும். பாதரசத்துக்கு அந்தப் பாடு இல்லை. மைனஸ் 38.8 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகம் அது. தங்க மோதிரத்தில் ஒரு சொட்டு பட்டால் போதும், அந்த இடம் வெள்ளி போல வெளுத்துவிடும். இப்படிப் பாதரசம் வேறு உலோகத்தோடு கலந்து உருவாவதுதான் இரசக்கலவை.

இந்தக் குணத்தை நம்பித்தான் 1554-ல் மெக்சிகோவின் பச்சூகாவில் பார்த்தலோமே தெ மெதினா வெள்ளித் தாதிலிருந்து வெள்ளியைப் பிரித்தார். இன்றும் சிறு சுரங்கக்காரர்கள் தங்கத்துகளைப் பாதரசத்தில் பிடித்து, துணியில் பிழிந்து, தீயில் காட்டுகிறார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும். போகிற ஆவி அவர்கள் நுரையீரலுக்குள் போகிறது என்பதுதான் கொடுமை.

பல் அடைப்பில் கதை வேறு. வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடியோடு ஏறக்குறைய அதே எடைப் பாதரசத்தைக் குழைப்பார்கள். வெள்ளியும் வெள்ளீயமும் பாதரசத்தோடு சேர்ந்து புதிய திடச் சேர்மங்களாவதால் குழைவு இறுகிவிடும்.

இரும்பு பாதரசத்துக்கு எளிதில் மசியாது. பாதரசத்தை இரும்புக் குடுவையில் அடைத்து விற்றது அதனால்தான்.

அலுமினியமும் பார்வைக்கு மசியாததுதான். அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் காவல் இருக்கிறது. அதில் ஒரு கீறல் விழுந்து பாதரசம் இறங்கட்டும், அப்புறம் பாருங்கள். அலுமினியம் அதில் கரையும். கரைந்த அணுக்கள் மேலே வந்து காற்றையும் ஈரத்தையும் தொட்டதும் வெள்ளை ஆக்சைடாகும். பழைய படலம் போல இது உலோகத்தோடு ஒட்டாது. பூஞ்சை முளைப்பது போல இழை இழையாக எழும்பி உதிரும். அடியில் புது அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். இதில் பாதரசம் செலவாவதே இல்லை. அதனால்தான் ஒரு துளிக்கு இத்தனை அழிவு சாத்தியமாகிறது.

இன்னொரு வழியும் உண்டு: உலோகத்தின் படிக எல்லைகளில் ஊடுருவி அதை நொறுங்கும்படி ஆக்குவது. 2004 ஜனவரி 1 அன்று தென் ஆஸ்திரேலியாவின் மூம்பா எரிவாயு ஆலையில் நடந்த வெடிவிபத்துக்குக் காரணம் இதுவே. வாயுவோடு வந்த பாதரசம் அலுமினிய வெப்பப் பரிமாற்றியைப் பிளந்துவிட்டது.

பல விமானங்களின் உடலில் பெரும்பங்கு அலுமினியம். ஆகவே பாதரசப் பாரமானியை சாதாரணப் பயணி விமானத்தில் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை. வானிலைத் துறை போன்ற அரசு அமைப்பின் அலுவலர் கொண்டுபோகலாம். அதுவும் கசியாத உறையில், விமானிக்குத் தெரிவித்த பிறகு.