கிட்டார் தந்தி கேட்டு வந்தால்...

சரக்கின் தன்மை தெரியாமல் விற்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதற்குச் சமம். பருப்பிலும் புளியிலும் நமக்குள்ள அனுபவம் வேறு யாருக்கும் வராது. ஆனால் மளிகையோடு எழுதுபொருள், பேன்ஸி சாமான், பள்ளிப் பிள்ளைகளுக்கான பொருள் என்று பக்கச் சரக்கும் வைத்து விற்கும்போது, பழக்கமில்லாத பொருள்களும் நம் கைக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்று கிட்டார் தந்தி.

இதில் தவறு நேர்ந்தால் போவது பாக்கெட்டின் விலை மட்டுமல்ல. வாடிக்கையாளரின் வாத்தியமே பிளந்து போகலாம். அதற்குப் பிறகு நம் கடை வாசலை அவர் மிதிக்க மாட்டார். ஆகவே இதன் அடிப்படையைச் சற்றே விளங்கிக் கொள்வோம்.

எஃகா, நைலானா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எஃகுத் தந்தி பூட்டும் கிட்டார் வேறு, நைலான் தந்தி பூட்டும் கிட்டார் வேறு. சாதாரண எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. நைலான் தந்திகளின் மொத்த இழுப்பு சுமார் 40 கிலோதான். நைலானுக்காகச் செய்த கிட்டாரில் எஃகுத் தந்தியை ஏற்றினால், தந்தி கட்டும் பிரிட்ஜ் பலகை நாளடைவில் பெயர்ந்து வந்துவிடும். மேல்பலகையும் புடைத்துக் கொள்ளும். எது என்று தெரியவில்லையெனில் பழைய தந்தி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நம்பர் என்றால் என்ன?

எஃகுத் தந்திப் பாக்கெட்டின் மேல் 12, 53 என்று இரண்டு எண்கள் இருக்கும். இவை மிக மெல்லிய தந்தியின் பருமனும் மிகத் தடித்த தந்தியின் பருமனும் ஆகும். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 12 பங்கு, 53 பங்கு என்று பொருள். 12 முதல் 53 வரை உள்ளதை 'லைட்' என்றும், 13 முதல் 56 வரை உள்ளதை 'மீடியம்' என்றும் சொல்வார்கள்.

நீளக் கிட்டாரின் கணக்கு

இப்போது சற்றுக் கடினமான இடத்துக்கு வருவோம். சாதாரண கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் சுமார் 25 அரை அங்குலம். 27 முதல் 30 அங்குலம் வரை நீளமுள்ள கிட்டார்களும் உண்டு. சுருதியைத் தாழ்த்தி, கனத்த நாதத்தில் வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டவை இவை. பாரிடோன் கிட்டார் என்று இவற்றைக் குறிப்பிடுவர்.

நீளம், சுருதி, பருமன் ஆகிய மூன்றில் எது கூடினாலும் தந்தியின் இழுப்பு கூடும். அதுவும் வர்க்கக் கணக்கில் கூடும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இலேயே இந்த விதியை எழுதி வைத்தார். நடைமுறையில் இதைப் பின்வருமாறு காணலாம்.

ஒருவர் சாதாரண நீளக் கிட்டாரில் அதே 12-53 தந்தியை வைத்துக்கொண்டு எல்லாத் தந்திகளையும் ஆர்மோனியக் கணக்கில் ஒரு கட்டை இறக்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தந்தி தளர்ந்து, மெட்டுக்கம்பியில் பட்டுக் கரகரவென்று ஒலிக்கும். தந்தி மட்டம் என்று அவர் நம்மிடம் சண்டைக்கு வருவார். உண்மையில் தந்தியில் குறையில்லை.

27 அங்குலக் கிட்டாரில் அதே பாக்கெட்டை மாட்டி அரைக் கட்டை இறக்கினால் இழுப்பு முன்போலவே இருக்கும். 28 அரை அங்குலத்தில் ஒரு கட்டை இறக்கினாலும் அப்படியே. ஆகவே இவ்விருவருக்கும் தடித்த தந்தி தேவையில்லை.

அந்த 27 அங்குலக் கிட்டாரில் சுருதியை இறக்காமல் விட்டால் இழுப்பு எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். லைட் தந்தி மாட்டியவர் மீடியம் மாட்டியதற்கு ஒப்பாகும். அந்த வாத்தியம் அதைத் தாங்குமா என்று கேட்டுக் கொள்வது நல்லது.

இனி, இரண்டரைக் கட்டை இறக்குவோர். 27 அங்குலத்திலும் இவர்களுக்கு 12-53 போதாது. கணக்குப்படி மெல்லிய தந்தி 15-க்கும் தடித்தது 67-க்கும் அருகில் வரும். 16 முதல் 70 வரை உள்ள பாரிடோன் பாக்கெட் இதற்கெனவே வருகிறது. இதை மாட்டும்போது தலைப்பக்கத் தாங்கியில் உள்ள பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியிருக்கும். விற்கும்போதே இதைச் சொல்லி, வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் காட்டச் சொல்லிவிடுங்கள். தந்தியின் மொத்த நீளம் அவர் கிட்டாருக்கு எட்டுமா என்பதையும் பாக்கெட்டில் பார்த்துக் கொள்ளுங்கள்.

எல்லாத் தந்தியும் இறங்குவதில்லை

சிலர் சில தந்திகளை மட்டுமே இறக்குவர். டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற முறையில் ஆறில் மூன்று தந்திகள் ஒரு கட்டை இறங்க, மற்ற மூன்றும் அப்படியே நிற்கும்.

அமெரிக்கக் கலைஞர் பாட் மெத்தேனி 2003-இல் வெளியிட்ட 'ஒன் கொயட் நைட்' இசைத்தட்டுக்காக, கனடாவின் லிண்டா மன்சர் செய்த பாரிடோன் கிட்டாரை வாசித்தார். அதில் நடுவிலுள்ள இரண்டு தந்திகள் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே வைக்கப்பட்டிருந்தன. அந்த இசையைக் கேட்டுவிட்டு ஒருவர் வந்தால், முழு பாரிடோன் பாக்கெட் மட்டும் அவருக்குப் பயன்படாது. நடு இரண்டுக்கும் மெல்லிய தனித் தந்தி வேண்டும். கேட்காமல் கொடுத்தால் அந்த இரண்டும் சுருதிக்கு ஏறும் முன்பே அறுந்து போகும்.

கடையில் செய்ய வேண்டியவை

கல்லாப் பக்கத்தில் ஓர் அங்குல டேப் வைத்திருங்கள். தலைப்பக்கத் தாங்கியிலிருந்து பன்னிரண்டாவது மெட்டுக்கம்பி வரை அளந்து இரட்டித்தால் கிட்டாரின் நீளம் கிடைத்துவிடும். பதின்மூன்றரை வந்தால் 27 அங்குலம்.

12-53 பாக்கெட்டும், நைலான் பாக்கெட்டும், அடிக்கடி அறுந்துபோகும் மெல்லிய தனித் தந்தியும் இருப்பில் இருந்தால் போதும். பாரிடோன் பாக்கெட்டை டஜன் கணக்கில் வாங்கி முதலை முடக்க வேண்டாம். முன்பணம் பெற்று வரவழைத்துக் கொடுங்கள். எஃகு துருப்பிடிக்கும் சரக்கு. உப்பு, புளி மூட்டைகளுக்கு அருகில் வைக்காதீர்கள். பழைய வரத்தை முதலில் விற்றுவிடுங்கள்.

பிரித்து மாட்டிய தந்தியை நாம் திரும்பப் பெற முடியாது. வாங்கியவரும் இன்னொன்றுக்குக் காசு தேட வேண்டும். எஃகா நைலானா, நீளம் எவ்வளவு, எந்தத் தந்தி எவ்வளவு இறங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் இருவர் நஷ்டத்தையும் தடுக்கும் என்பதை உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.