மாத்திரையோடு சாப்பாடும் உரிமைதான்

பெங்களூரின் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இருமல் வந்தால் முதலில் நிற்பது வாழைப்பழம். பிறகு தயிர், முட்டை. சாதாரணச் சளிக்கு நாலு நாள் பத்தியம் பெரிய கேடு செய்யாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டி, சாயங்காலக் காய்ச்சலும் வந்து, உடம்பும் இளைத்துக்கொண்டே போனால் அது டி.பி.யாக, அதாவது காசநோயாக, இருக்கலாம். அப்போது பத்தியம் ஆபத்து.

சத்தில்லாத உடம்பால் கிருமியை அடக்கிவைக்க முடியாது. நோய் முற்றினால் பசி போகும், எடை இன்னும் இறங்கும், மூச்சை இழுக்கும் தசைகளே கரையும்.

மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர், சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நோயாளிகள் 2,800 பேருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் தந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் குடும்பத்துக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கிடைத்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது மற்றக் குடும்பங்களைவிட 39 சதவீதம் குறைவு. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் மரண ஆபத்து 61 சதவீதம் குறைந்திருந்தது. குடும்பங்களைக் காத்தது அரிசியும் பருப்பும்! நோயாளிக்கு மட்டும் முட்டை அவித்துக் கொடுத்தால் போதாது, வீட்டிலுள்ள மற்றவர்களும் அரை வயிற்றோடு படுக்கக் கூடாது.

ஆனால் சாப்பாடு மருந்துக்கு மாற்றல்ல. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம்.

பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். 'நிக்ஷய் போஷண்' திட்டத்தில் நோயாளியின் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கெல்லாம் இது உண்டு. தனியார் டாக்டரிடம் போகிறவர்களுக்கும் உண்டு. நோயாளியை அரசிடம் பதிவு செய்வது அந்த டாக்டரின் சட்டக் கடமை. "பதிவு செய்தீர்களா, என் நிக்ஷய் எண் என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பதிவே வேண்டாம் என்பவர்கள் இந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

பணம் வரவில்லையா? பெரும்பாலும் வங்கிக் கணக்கு விவரத்தில்தான் சிக்கல் இருக்கும். பாஸ்புக்கோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் காசநோய்ப் பணியாளரிடம் சரிபாருங்கள். அதே நாளில் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும், குழந்தைகளுக்கு முதலில், பரிசோதனையும் தடுப்பு மருந்தும் கேளுங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உணவு பற்றி டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். மற்றவர்கள் பருப்பு, கடலை, ராகி, முட்டை, கீரை என்று தாராளமாகச் சாப்பிடலாம். சந்தேகம் எதுவானாலும் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.