பள்ளிக்கு வந்த பின்

2003-ஆம் வருஷத் தொடக்கத்தில், கென்ய தேசத்தின் ஜனாதிபதியாகப் புதிதாகப் பதவியேற்றிருந்த ம்வாய் கிபாக்கி, ஆரம்பப் பள்ளிகளில் இனிச் சம்பளம் வசூலிக்கப்படமாட்டாது என்று தேர்தலில் அளித்த வாக்கை நிறைவேற்றியபோது, அதுவரை ஏறக்குறைய 59 லட்சமாக இருந்த மாணவர் தொகை 72 லட்சமாகப் பெருகிற்று. மறுவருஷம், 84 வயது முதியவரான கிமானி மருகே என்பவர்கூடப் பள்ளிச் சீருடை தரித்து முதல் வகுப்பில் வந்து அமர்ந்தார். மலாவி 1994-லும் உகாண்டா 1997-லும் இவ்விதமே சம்பளத்தை நீக்கியிருந்தன. ஆனால் ஒரே உபாத்தியாயர் முன் நூறு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் வகுப்புகள் பெருகவே, பள்ளியில் சேர்வது வேறு, படிப்பு வருவது வேறு என்பது இத்தேசங்களுக்கு விரைவில் விளங்கலாயிற்று.

பாடப் புஸ்தகம் இல்லாமையே குறைக்குக் காரணம் என்று கருதுவது இயல்பே. 1996-ல், மேற்குக் கென்யாவின் புசியா பிரதேசத்தில் பொருளாதார நிபுணர் சிலர் 100 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் 25 பள்ளிகளுக்கு மட்டும் முதலில் புஸ்தகங்கள் கிடைக்கச் செய்து பலனை அளந்தபோது, முன்னரே நன்றாகப் படித்துவந்த மாணவர்கள் மட்டும் முன்னேறினார்களேயன்றி, ஏனையோரின் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க மாறுதல் காணப்படவில்லை. வீட்டில் ஒரு பாஷையும் சந்தையில் சுவாஹிலியும் பேசும் குழந்தைக்கு, மூன்றாம் பாஷையான ஆங்கிலத்தில் அச்சிட்ட நூலால் என்ன பிரயோஜனம்? இந்த ஆராய்ச்சியில் பங்குகொண்ட மைக்கேல் கிரேமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் 2019-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வனுபவங்களுக்குப் பின், 2015-ல், கென்ய சர்க்கார் அமெரிக்க உதவியுடன் தேசமெங்கும் தொடங்கிய ‘துசோமே’ என்னும் திட்டம், கீழ்வகுப்புக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சுவாஹிலியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி வாசகப் புஸ்தகம் அளித்ததோடு, அன்றன்றைய பாடத்தை விவரிக்கும் கையேட்டை உபாத்தியாயருக்கு அளித்தது; வட்டார அதிகாரிகள் கையில் டேப்லெட்டுடன் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்து, சில பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பின்பு ஆசிரியருடன் கலந்து பேசினார்கள். பிள்ளைகளின் வாசிப்பும் கணிசமாக விருத்தியடைந்தது. ஜாம்பியாவோ, மும்பையில் தோன்றிய ‘பிரதம்’ ஸ்தாபனத்தின் முறையை ஏற்று, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளை வயதைப் பாராமல் அவரவர் அறிந்த அளவுக்கேற்பப் பிரித்து, எழுத்து தெரியாதவனுக்கு எழுத்தையும், சொல் தெரிந்தவனுக்கு வாக்கியத்தையும் கற்பிக்கத் தொடங்கிற்று.

கட்டடங்களையும் சேர்க்கையையும் எண்ணிக் கணக்குக் காட்டுவது எந்தச் சர்க்காருக்கும் சுலபம். உபாத்தியாயரை நாடிச் சென்று உதவும் அதிகாரியின் பிரயாணச் செலவுக்குத் திறப்பு விழா நடத்த இயலாது. ஆகவே இத்தகைய பணிகள் பெரும்பாலும் அந்நிய உதவியையே நம்பி நின்றன. துசோமேக்குப் பொருளளித்த அமெரிக்க உதவி ஸ்தாபனமோ 2025-ல் மூடப்பட்டுவிட்டது. இனி, ஆசிரியர் சம்பளத்தைப்போலவே இச்செலவையும் தங்கள் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும் தேசங்களிலேயே, பள்ளிக்கு வந்த பிள்ளை படித்தவனாக வெளியேறுவான்.