மேசை மாறிப் படிக்கும் கணக்கு



படிவம் 1-இல் படிக்கும் மகன் வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்னைக்குக் கணக்குப் பாடத்துல மேசைக்கு மேசை மாறி உட்கார்ந்தோம்" என்கிறான். "படிக்கப் போனியா, சுத்தப் போனியா?" என்று தாயார் கடிந்துகொள்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. நாம் படித்த காலத்தில் கணக்கு என்றால் கரும்பலகைதான். அசையாமல் உட்கார்ந்திருப்பவனே நல்ல பிள்ளை.

இந்தப் புதிய ஏற்பாட்டைச் சுழல் நிலையங்கள் என்பார்கள். நிலையம் என்றதும் போலீஸ் நிலையத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். வகுப்பில் போட்டிருக்கும் ஒரு மேசைதான் நிலையம். 1950-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஒரு பயிற்சி முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகரும் உடற்பயிற்சி முறையை வகுத்தார்கள். பாடம் நடத்தும் இந்த முறையும் அதைப் போன்றதே.

வகுப்பில் 32 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு எட்டுப் பேராக 4 குழுக்கள், 4 மேசைகள். பாட நேரம் 60 நிமிடம். தொடக்கத்தில் விளக்கம் சொல்ல 4 நிமிடம், மேசைக்கு 12 நிமிடமாக 48, மூன்று முறை இடம் மாற 3, கடைசியில் ஒரே ஒரு கேள்விக்குத் தாளில் விடை எழுத 5 நிமிடம். கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

படிவம் 1-இல் விகிதம் என்ற பாடம் இருக்கிறது. அதை ஒட்டி விழுக்காடும் வருகிறது. தோட்டத்தில் செம்பனைக்கு உரம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. உர மூட்டையின் மேல் 12-12-17 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் தழைச்சத்து. 100 கிலோ உரத்தில் 12 கிலோ என்பது அதன் பொருள். அப்படியானால் 50 கிலோ மூட்டையில் எவ்வளவு?

ஒரு மேசையில் மூட்டையின் முகப்பை வரைந்த அட்டை கிடக்கிறது; பிள்ளைகள் ஒவ்வொரு சத்தும் எத்தனை கிலோ என்று கண்டுபிடிக்கிறார்கள். இன்னொன்றில் இருவர் இருவராகப் பயிற்சிக் கணக்கு. மூன்றாவதில் யாரோ தவறாகப் போட்ட கணக்கு; 50-ஐ 12-ஆல் வகுத்து வைத்திருக்கிறார்கள், பிழை எங்கே என்று பிடிக்க வேண்டும். எந்த மேசையும் மற்றொன்றை நம்பி இருக்கக்கூடாது. ஏனெனில் நான்கு குழுக்களும் நான்கு வெவ்வேறு இடங்களில் தொடங்குகின்றன. ஆசிரியருக்கு இதுதான் பெரிய வேலை.

நான்காவது மேசையில் ஆசிரியரே உட்கார்ந்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு உயிரான இடம் அதுதான்.

தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை அங்கே கணக்கை மலாயில் படிக்கிறான். சில பள்ளிகளில் ஆங்கிலத்தில். நேற்று வரை விகிதம் என்றது இன்று 'நிஸ்பா'. விழுக்காடு 'பெராத்துசான்' ஆகிவிட்டது. 32 பேர் நடுவில் அவன் தலையை ஆட்டிவிட்டு மௌனமாக இருந்துவிடுவான். "இவனுக்குக் கணக்கு வராது" என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. எட்டுப் பேர் மேசையில் ஆசிரியர் மூட்டை அட்டையைக் காட்டி, "இதில் தழைச்சத்து எவ்வளவு?" என்று கேட்கும்போது "6 கிலோ" என்று சட்டென்று சொல்கிறான். அவனுக்கு இல்லாதது சொல்தான், கணக்கு அல்ல என்பது அந்த நொடியில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்துப் பையனைப் பார்த்துச் சரியான விடை எழுதி வந்தவனும் இங்கேதான் அகப்படுவான். அவனுக்கும் அது நல்லதே.

குறைகள் இல்லாமல் இல்லை. சத்தம் இருக்கும். ஆசிரியர் பார்க்காத மேசையில் ஊர்க்கதை நடக்கும். ஒரே குழுவை வருடம் முழுதும் வைத்திருந்தால் "மக்கு மேசை" என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிடுவார்கள். ஆகவே கடைசி 5 நிமிடத்தில் எழுதிய விடைத்தாளைப் பார்த்துக் குழுவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாத ஆசிரியரிடம் இந்த முறை பயன் தராது என்பது நம் கருத்து.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. தேர்வு முடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நாளில் பெற்றோர் காத்திருந்ததுபோல் இனிக் காத்திருப்பதற்கில்லை. பள்ளிக்குப் போகும்போது, "எத்தனை மார்க்?" என்பதோடு, "உங்க மேசைக்கு வரும்போது எம் பையன் வாய் திறந்து பேசுறானா, சார்?" என்றும் கேளுங்கள். மலாய் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பிள்ளையையே பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில், மூட்டையில் கடைசி எண்ணான 17-க்கு எத்தனை கிலோ என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள். எட்டரை என்று சொன்னால், எப்படி வந்தது என்று தமிழில் ஒரு தடவையும் பள்ளியில் சொல்லும் மொழியில் ஒரு தடவையும் சொல்லச் சொல்லுங்கள்.