உங்களுக்குத் தெரியுமா? கிரெம்ளின் நாற்காலி ஸ்பெஷல்

● லெனின் ஒருநாள்கூட சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்ததில்லை. அவர் வகித்தது அரசின் தலைவர் பதவி, ஏறக்குறைய பிரதமர் மாதிரி. பொதுச் செயலாளர் பதவியே 1922 ஏப்ரலில்தான் உருவானது. கோப்பு பார்ப்பது, கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வது, யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று பட்டியல் போடுவது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். மேடையில் முழங்கிப் பெயர் வாங்கிய தலைவர்களுக்கு இதில் ஆர்வமில்லை. ஸ்டாலின் ஏற்றுக்கொண்டார். உள்ளூர்ச் செயலாளர்களை நியமிப்பது அவர். அவர்கள் தயவில் மாநாட்டுக்கு வருபவர்கள் பிரதிநிதிகள். அந்தப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பது மத்தியக் குழு. கிளைக் கழகத் தேர்தலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா என்ன?

● அந்த நாற்காலியிலிருந்து ஸ்டாலினை மாற்றிவிடுங்கள் என்று லெனினே எழுதிவைத்தார். 1922 டிசம்பரில் படுக்கையில் இருந்தபடி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட கடிதம் அது. ஆள் மிகவும் முரடர் என்ற வரியை 1923 ஜனவரி 4 அன்று பின்குறிப்பாகச் சேர்த்தார். லெனின் இறந்தபின் 1924 மாநாட்டில் கடிதத்தைப் பிரதிநிதிகளுக்குக் குழு குழுவாக வாசித்துக் காட்டினார்கள். அச்சிடவில்லை. ராஜினாமா செய்ய ஸ்டாலினும் முன்வந்தார். 'வேண்டாம், இருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலரை 1930களில் சுட்டுக் கொன்றார்கள். சோவியத் மண்ணில் கடிதம் வெளியானது 1956இல்.

● 1923க்குப் பிறகு 1941 மே வரை ஸ்டாலின் அமைச்சர்கூட இல்லை. நாட்டின் தலைவராகக் கையெழுத்துப் போட்டவர் கலீனின். 1938இல் அவருடைய மனைவியைக் கைதுசெய்து முகாமுக்கு அனுப்பினார்கள். மனைவி உள்ளே, கணவர் நாட்டின் முதல் குடிமகன்! போர் முடிந்த 1945இல்தான் அந்த அம்மா வெளியே வந்தார். வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவுக்கும் இதே கதை. மனைவி 1949இல் கைதாகி, ஸ்டாலின் கண்ணை மூடிய பிறகே வீடு திரும்பினார். மொலோட்டோவோ கடைசி மூச்சுவரை ஸ்டாலினை விட்டுக்கொடுக்கவில்லை.

● 1953 மார்ச் 1. ஸ்டாலின் நாள் முழுக்க அறையை விட்டு வரவில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது என்பது உத்தரவு. காவலர்கள் 'நீ போ', 'நீ போ' என்று தங்களுக்குள் தள்ளிக்கொண்டே இரவுவரை ஓட்டினார்கள். ஒருவழியாக உள்ளே போனபோது தரையில் கிடந்தார். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலை. நாட்டின் பெயர்பெற்ற மருத்துவர்கள் பலர், தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாகப் பொய் வழக்கில் அப்போது சிறையில் இருந்தார்கள்.

(அதே மார்ச் 1 அன்று சென்னையில் கருணாநிதிக்கு ஒரு மகன் பிறந்தார். மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்த செய்தி வந்தது. பெயர்க்காரணம் ஊரறிந்தது.)

● அடுத்தவர் யார் என்று கேட்டால் குருஷ்சேவ் என்போம். இடையில் மாலென்கோவ் என்று ஒருவர் இருந்தார். பிரதமர் பதவி, கட்சித் தலைமை இரண்டும் அவர் கையில். 1950இல் சீனாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது எடுத்த பெரிய குழுப்படத்தில் மற்றவர்களையெல்லாம் அழித்துவிட்டு, ஸ்டாலின், மாவோ, மாலென்கோவ் மூவர் மட்டும் நிற்பதுபோல் 1953 மார்ச் 10 அன்று கட்சி நாளேடான பிராவ்தா வெளியிட்டது. விளம்பரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நான்கே நாளில் கட்சிச் செயலாளர் பதவியைப் பறித்துக்கொண்டார்கள்.

● ரகசியப் போலீஸின் தலைவர் பெரியா அதே ஆண்டு ஜூனில் கைதாகி டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் சோவியத் மகா கலைக்களஞ்சியத்தின் 'பெ' தொகுதி ஏற்கெனவே அச்சாகிச் சந்தாதாரர் வீட்டுக்குப் போய்விட்டது, பெரியாவின் முழுப்பக்கப் படத்தோடு. பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: கத்தரியோ பிளேடோ எடுத்து இன்னின்ன பக்கங்களை வெட்டிவிட்டு, உடன் அனுப்பியிருப்பதை ஒட்டிக்கொள்ளவும். புதுப் பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றி மிக மிக விரிவான தகவல்கள். உலகில் எந்தக் கலைக்களஞ்சியமும் அந்தக் கடலுக்கு அவ்வளவு மரியாதை செய்திருக்காது.

● 1957 ஜூனில் தலைமைக்குழு 7-க்கு 4 என்று குருஷ்சேவைத் தூக்க வாக்களித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தது மத்தியக் குழு, அதுவே சொல்லட்டும் என்றார். தொலைதூர ஊர்களில் இருந்த மத்தியக் குழு உறுப்பினர்களை மாஸ்கோவுக்கு அள்ளிவர ராணுவ விமானங்களைக் கொடுத்தார் மார்ஷல் ஷூக்கோவ். ஆட்டம் தலைகீழானது.

தோற்றவர்களுக்குக் கிடைத்த தண்டனைதான் இதில் புதுமை. மொலோட்டோவ் மங்கோலியாவுக்குத் தூதர். மாலென்கோவ் கஜகஸ்தானில் ஒரு மின்நிலையத்துக்கு மேலாளர். ககனோவிச் யூரல் பகுதியில் ஆலை நிர்வாகி. பழைய காலத்து முறையில் என்னைத் தீர்த்துவிடாதீர்கள் என்று ககனோவிச் தொலைபேசியில் கெஞ்சியதாகக் குருஷ்சேவே பின்னால் சொன்னார். பழைய காலத்தில் அந்தக் கொலைப்பட்டியல்களில் கையெழுத்துப் போட்டவர்களில் ககனோவிச்சும் ஒருவர். 97 வயதுவரை வாழ்ந்து 1991 ஜூலையில் காலமானார். உதவி செய்த ஷூக்கோவ்? நான்கு மாதத்தில் அவருடைய பதவியும் போய்விட்டது.

● 1961 மாநாட்டில் லசூர்க்கினா என்ற மூத்த கட்சித் தோழர் எழுந்தார். சிறையிலும் நாடுகடத்தலிலும் பல ஆண்டுகள் கழித்தவர். ஸ்டாலின் பக்கத்தில் படுத்திருப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று லெனின் தன்னிடம் சொன்னதாக அறிவித்தார். கடவுள் மறுப்புக் கட்சியின் மாநாட்டில் ஆவியின் வாக்குமூலம். அதற்குக் கைத்தட்டல் வேறு! மறுநாள் இரவே ஸ்டாலின் உடலைச் சமாதி மண்டபத்திலிருந்து எடுத்து வெளியே புதைத்துவிட்டார்கள்.

● 1964 அக்டோபர் 12 அன்று விண்ணில் ஏறிய மூன்று வீரர்களிடம் கருங்கடல் ஓய்வில்லத்திலிருந்து தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னவர் குருஷ்சேவ். மறுநாள் அவர்கள் தரையிறங்கினார்கள். அதற்கு மறுநாள் அவர் பதவியில் இல்லை. மாஸ்கோ திரும்பிய வீரர்கள் அறிக்கை கொடுத்தது பிரெஷ்னேவிடம்.

1971இல் குருஷ்சேவ் இறந்தபோது கிரெம்ளின் சுவரருகே இடம் கொடுக்கவில்லை. வேறொரு கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். மேலே நிற்கும் கறுப்பு வெள்ளைக் கல் சின்னத்தைச் செதுக்கியவர் எர்ன்ஸ்ட் நெய்ஸ்வெஸ்ட்னி. 1962இல் ஓர் ஓவியக் கண்காட்சியில் குருஷ்சேவ் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்த அதே சிற்பி. கேட்டு வந்தது குருஷ்சேவின் குடும்பம், அவரும் மறுக்கவில்லை.

● 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரியின் உடலைச் சுமந்தவர்களில் ஒருவர் சோவியத் பிரதமர் கோசிகின். அங்கே இந்திய-பாகிஸ்தான் பேச்சுவார்த்தையை நடத்தியவரும் அவரே. பிரெஷ்னேவ் கட்சியைப் பார்த்துக்கொள்ள, வெளிநாட்டு விவகாரங்களில் முன்னே நின்றவர் அந்த நாட்களில் கோசிகின்தான். மெல்ல மெல்ல ஓரங்கட்டினார்கள்.

● 'சோவியத் யூனியனின் வீரர்' விருது பிரெஷ்னேவுக்கு நான்கு முறை கிடைத்தது. நான்கும் அவருடைய பிறந்தநாளை ஒட்டி! போரின் போக்கையே மாற்றிய தளபதிகளுக்கான 'வெற்றி' விருதை, போர் முடிந்து 33 ஆண்டுகளுக்குப் பிறகு வாங்கிக்கொண்டார். போரில் அவர் பார்த்தது அரசியல் அதிகாரி வேலை. அவர் இறந்தபின் 1989இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். வேறு ஆட்கள் எழுதிக்கொடுத்த நினைவுநூல்களுக்காக இலக்கியத்துக்கான லெனின் பரிசும் உண்டு. பதக்கம் குத்த இடம் போதாமல் தலைவருக்கு மார்பை அகலப்படுத்தும் ஆபரேஷன் நடக்கிறது என்று மாஸ்கோவாசிகள் சிரித்தார்கள், குரலைத் தாழ்த்தி.

● பொதுச் செயலாளரை எப்படி மாற்றுவது என்று சோவியத் அரசியல் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அந்தப் பதவியின் பெயரே அதில் இல்லை. அதனால் மக்கள் அடையாளம் பார்த்தார்கள். நம்பகமான அடையாளம், இறுதிச் சடங்குக் குழுவின் தலைவர் யார் என்பது. ஸ்டாலினுக்குக் குருஷ்சேவ், பிரெஷ்னேவுக்கு ஆந்த்ரோபோவ், ஆந்த்ரோபோவுக்குச் செர்னென்கோ, செர்னென்கோவுக்கு கோர்பச்சேவ். லெனின் சடங்குக்கு மட்டும் போலீஸ் தலைவர் ஜெர்ஜின்ஸ்கி.

1982 நவம்பரிலிருந்து 28 மாதத்தில் மூன்று சாவு. அப்போது உலவிய ஜோக்: செஞ்சதுக்கச் சடங்குக்கு வந்தவரிடம் பாஸ் எங்கே என்று காவலர் கேட்க, 'என்னிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது' என்றாராம்.

● 1985 பிப்ரவரித் தேர்தலில் செர்னென்கோ வாக்களிப்பதைத் தொலைக்காட்சி காட்டியது. அது வாக்குச்சாவடி அல்ல. சாவடிபோல் ஜோடித்த மருத்துவமனை அறை. இரண்டே வாரத்தில் இறந்துபோனார். அவர் பெயரை ஒரு சைபீரிய ஊருக்கு வைத்தார்கள், 1988இல் எடுத்தும்விட்டார்கள். ஆந்த்ரோபோவ் பெயர் சூட்டப்பட்ட ரீபின்ஸ்க், பிரெஷ்னேவ் பெயரைத் தாங்கிய நபெரெஷ்னியே செல்னி எல்லாம் இப்படியே பழைய பெயருக்குத் திரும்பியவை. பெயர்ப்பலகை எழுதுபவருக்கு நல்ல காலம்.

● புரட்சிக்குப் பிறகு பிறந்த ஒரே சோவியத் தலைவர் கோர்பச்சேவ். 1990இல் அவரை ஜனாதிபதி ஆக்கியது மக்கள் வாக்கல்ல, நாடாளுமன்றம் மாதிரியான மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸின் வாக்கு. போட்டியிட்டது அவர் ஒருவரே. ஆதரவு 1,329, எதிர்ப்பு 495. அடுத்த ஆண்டே ரஷ்யக் குடியரசில் யெல்த்சின் நேரடித் தேர்தலில் ஜெயித்துவிட, யாருக்கு மக்கள் செல்வாக்கு என்ற கேள்வியில் கோர்பச்சேவால் வாய்திறக்க முடியவில்லை. 1991 டிசம்பர் 25 அன்று அதிகாரத்தை விட்டுக்கொடுக்கும் ஆணையில் கையெழுத்திட உட்கார்ந்தார். பேனா எழுதவில்லை. எதிரே இருந்த சிஎன்என் தலைவர் டாம் ஜான்சன் தன் பேனாவை நீட்டினார்.

● கடைசியாக ஒரு வழுக்கை வரிசை. லெனின் வழுக்கை, ஸ்டாலினுக்கு முடி, குருஷ்சேவ் வழுக்கை, பிரெஷ்னேவுக்கு முடி (புருவத்தையும் சேர்க்கலாம்), ஆந்த்ரோபோவ் முன்வழுக்கை, செர்னென்கோவுக்கு முடி, கோர்பச்சேவ் வழுக்கை, யெல்த்சினுக்கு முடி, புதின் வழுக்கை, மெத்வெதேவுக்கு முடி, மறுபடி புதின். ரஷ்யர்கள் இதை விரல்விட்டுச் சொல்லிக்காட்டுவார்கள். மாலென்கோவுக்கு நல்ல அடர்த்தியான முடி. வரிசை கெட்டுவிடும் என்பதால் இங்கேயும் அவரைச் சேர்த்துக்கொள்வதில்லை.